வரைபடம் கோணலாக வருகிறதா? அழிப்பானைக் கீழே வையுங்கள்

வரைபடக் கணக்குத் தொடங்கும் மாதத்தில் என் மாலை வகுப்பு மேசை முழுக்க அழிப்பான் துகள்தான். பிள்ளைகள் புள்ளி வைப்பார்கள், கோடு போடுவார்கள், நேராக வராது, அழிப்பார்கள். மறுபடியும் அதே அட்டவணையைப் பார்த்து அதே புள்ளிகளை இன்னும் கவனமாக வைப்பார்கள். கோடு மறுபடியும் அதே இடத்தில் கோணும். மூன்றாவது முறை தாள் கிழியும்.

இதையே திருத்தித் திருத்தி எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: கையால் வரும் பிழை குறைவு. பெரும்பாலானவை அட்டவணையில் பிறந்து, தாளுக்கு வந்த பிறகு கண்ணில் படுகின்றன. அதனால் கோணலான வரைபடத்தோடு யாராவது வந்தால் நான் வரைபடத்தாளைப் பார்ப்பதில்லை. பக்கத்தைத் திருப்பி அட்டவணையைத்தான் கேட்கிறேன். பாதிப் பேரிடம் அட்டவணையே இருக்காது. "மனத்திலேயே போட்டுவிட்டேன் சார்" என்பார்கள். அங்கேயே நோய் தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டத்தின் 100 மதிப்பெண் தாளில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கும் கைக்கு எட்டக்கூடிய 8 அது. கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. நோட்டில் தெரியும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடச் சோதனை முதலில். நேரமும் புதுத் தாளும் கேட்பது பின்னால்.

எதற்கும் முன்: கருவிகள்

அடிக்கோலைச் சோதியுங்கள். தாளில் இரண்டு புள்ளிகளை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அடிக்கோலை அதே விளிம்பு கோட்டில் படும்படி மறுபக்கம் புரட்டி, அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே மீண்டும் போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் அடிக்கோல் வளைந்திருக்கிறது. பையில் புத்தகங்களுக்கு அடியில் கிடந்து வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அடிக்கோல்களில் இது சாதாரணம்.

நகல் எடுத்த வரைபடத்தாளாக இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். நகல் இயந்திரம் சில நேரம் தாளைக் கொஞ்சம் சுருக்கிவிடும். பெரிய கட்டம் 1 செ.மீ. இருக்காது. கட்டத்தை எண்ணிப் புள்ளி வைப்பவருக்கு இதனால் நட்டமில்லை. அடிக்கோலால் அளந்து வைப்பவருக்குத்தான் எல்லாமே நகர்ந்துபோகும். எண்ணுங்கள், அளக்காதீர்கள்.

பென்சில் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய முனை வைக்கும் புள்ளி ஒரு சிறு கட்டத்தையே விழுங்கிவிடும்.

அறிகுறி 1: நேர்கோடு வர வேண்டிய இடத்தில் புள்ளிகள் ஒரே கோட்டில் இல்லை

இதுதான் அதிகம் வருவது. ஒரு மாணவனின் நோட்டில் நான் பார்த்ததை அப்படியே தருகிறேன். சமன்பாடு: ஒய் = −2எக்ஸ் + 3. அவன் அட்டவணை:

எக்ஸ்: −1, 0, 1, 2
ஒய்: 1, 3, 1, −1

புள்ளிகளை மிகச் சரியாக வைத்திருந்தான். ஆனால் கோடு கூரை போல மேலேறிக் கீழே இறங்கியது. "எல்லாப் புள்ளியும் சரியாகத்தான் வைத்தேன் சார், தாள்தான் சரியில்லை" என்றான். தாளின் மேல் பழி!

சோதனை 1 (ஒரு நிமிடம்): எக்ஸ் ஒவ்வொன்றாக ஏறும்போது ஒய் எவ்வளவு மாறுகிறது என்று அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள். நேர்கோடு என்றால் அந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதுவும் எக்ஸின் கெழுவாகவே (எக்ஸுக்கு முன்னால் பெருக்கி நிற்கும் எண்) இருக்க வேண்டும். இங்கே +2, −2, −2. கெழு −2. ஒத்துப்போகாதது முதல் தாவல் மட்டும். ஆகவே குற்றவாளி எக்ஸ் = −1. அங்கே −2 × −1 என்பதை −2 என்று எழுதிவிட்டான்; +2 என்று வர வேண்டும், கூட்டல் 3, ஒய் = 5. புள்ளி ஒன்றை மாற்றினான், கோடு நிமிர்ந்தது. அழிப்பான் தேவைப்பட்டது ஒரே ஒரு இடத்தில்.

இந்தச் சோதனைக்கு எக்ஸ் மதிப்புகள் சீராக ஏற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். −1, 0, 2, 5 என்று தாவித் தாவி எடுத்திருந்தால் வித்தியாசம் ஒன்றாக வராது, அது பிழையல்ல.

சோதனை 2: மாற்றம் சீராக இருந்தும் கோடு கோணுகிறதா? இப்போதுதான் தாளைப் பார்க்க வேண்டும். அச்சில் எண்களை எழுதிய இடைவெளியைப் பாருங்கள். ஆதிப்புள்ளியின் (இரண்டு அச்சும் வெட்டும் இடம்) வலப்பக்கம் 1 செ.மீ.க்கு 1 அலகு, இடப்பக்கம் இடமில்லையென்று அரைச் செ.மீ.க்கு 1 அலகு என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை எண்களை எழுதும்போது −1 என்பதை விட்டுவிட்டு −2 என்று தொடங்குவதும் உண்டு.

சோதனை 3: அட்டவணையில் பின்னம் வந்து, அதைத் தோராயமாக வைத்ததால் லேசாக ஆடுகிறதா? 2எக்ஸ் + 3ஒய் = 12 என்பதில் எக்ஸ் = 1 என்று போட்டால் ஒய் 3.33… என்று நீளும். வம்பே வேண்டாம். எக்ஸுக்கு 0, 3, 6 என்று 3-ன் மடங்குகளைக் கொடுங்கள். ஒய் 4, 2, 0 என்று முழு எண்ணாக வரும்.

இரண்டு புள்ளி போதுமே என்று இரண்டோடு நிறுத்துபவர்களுக்கு: இரண்டு புள்ளி எப்போதும் ஒரே கோட்டில்தான் இருக்கும், தவறாக இருந்தாலும். மூன்றாவது புள்ளி சாட்சி. சாட்சி இல்லாமல் கோடு போட வேண்டாம்.

அறிகுறி 2: கோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் விடை வேறு

முந்தையதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் கண்ணுக்கு அழகாக இருக்கும். சந்தேகமே வராது.

குத்து அச்சை வெட்டும் இடம் தவறாக இருக்கிறதா?

ஒய் = 3எக்ஸ் − 2 என்றால், கோடு ஒய் அச்சை −2-ல் வெட்ட வேண்டும். கடைசியில் நிற்கும் மாறிலிதான் அந்த இடம். உங்கள் கோடு −2-ல் வெட்டுவது எக்ஸ் அச்சையா? அப்படியானால் ஆயத்தொலைவுகளை, அதாவது புள்ளியின் எக்ஸ், ஒய் எண்களை, மாற்றி வைத்துவிட்டீர்கள். சரியான புள்ளிகள் (0, −2), (1, 1), (2, 4). மாற்றி வைத்தால் (−2, 0), (1, 1), (4, 2). இரண்டாவது தொகுப்பும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும்! நடுப்புள்ளி (1, 1) இரண்டிலும் பொது என்பதால் அதைச் சரிபார்த்தும் பயனில்லை. ஆகவே சோதனைக்கு எப்போதும் இரண்டு எண்ணும் வேறாக இருக்கும் புள்ளியை எடுங்கள்.

எண் வரிசை நினைவில் நிற்காத பிள்ளைகளிடம் நான் சொல்வது: வாசல்வரை நடந்து போய்த்தானே மாடிப்படி ஏறுவோம்? முதல் எண் நடை, இரண்டாவது எண் படி. விரலை ஆதிப்புள்ளியில் வைத்து உண்மையிலேயே நடக்கச் சொல்வேன். நாலைந்து நாள் விரலால் நடந்தவர்கள் பிறகு மாற்றி வைப்பதில்லை.

குத்து அச்சில் சரி, கிடை அச்சில் தவறா?

2எக்ஸ் + 3ஒய் = 12 என்பதிலிருந்து ஒய்யைத் தனியாக எடுக்கும்போது 12-ஐ மட்டும் 3-ஆல் வகுத்துவிட்டு ஒய் = 4 − 2எக்ஸ் என்று எழுதியிருப்பீர்கள். ஒய் அச்சில் 4 சரியாக வரும், எக்ஸ் அச்சில் 6-க்குப் பதில் 2 வரும். விரலால் மூடும் சோதனை இதைப் பிடித்துவிடும்: மூலச் சமன்பாட்டில் ஒய் இருக்கும் பகுதியை விரலால் மூடுங்கள்; 2எக்ஸ் = 12, எனவே 6. எக்ஸ் பகுதியை மூடுங்கள்; 3ஒய் = 12, எனவே 4. கோடு இந்த இரண்டு இடத்தையும் தொட்டே ஆக வேண்டும். ஒய்யைத் தனியாக எடுத்தெழுதிய சமன்பாட்டில் மூடாதீர்கள், பிழையே அங்கேதான் இருக்கிறது.

கோடு சரிய வேண்டிய திசையில் சரியவில்லையா?

ஒய்யைத் தனியாக எடுத்தெழுதிய சமன்பாட்டில் எக்ஸின் கெழு குறை எண் என்றால், இடமிருந்து வலம் போகும்போது கோடு இறங்க வேண்டும். ஏறினால், எங்கோ ஒரு கழித்தல் குறி தொலைந்திருக்கிறது. பெரும்பாலும் வினாவிலிருந்து நோட்டுக்கு எடுத்தெழுதும்போதுதான்.

எக்ஸ் = 3 என்பதைப் படுக்கையாகப் போட்டீர்களா?

எக்ஸ் அச்சோடு தொடர்புடையது என்று நினைத்து அந்த அச்சுக்கு இணையாகப் போட்டுவிடுகிறார்கள். எக்ஸ் மதிப்பு 3 ஆக இருக்கும் சில புள்ளிகளைச் சொல்லுங்கள்: (3, 0), (3, 1), (3, 5). வைத்துப் பாருங்கள், நிமிர்ந்து நிற்கும்.

இரண்டு கோடுகள் வெட்ட வேண்டும், வெட்டவில்லையா?

இரண்டையும் அடிக்கோல் வைத்துத் தாளின் விளிம்புவரை நீட்டுங்கள். அதன் பிறகும் வெட்டாவிட்டால், எக்ஸ் கெழுக்களின் விகிதமும் ஒய் கெழுக்களின் விகிதமும் சமமா என்று பாருங்கள். சமம், ஆனால் மாறிலிகள் அந்த விகிதத்தில் இல்லை என்றால் அவை இணை கோடுகள். தீர்வு இல்லை என்பதே விடை, உங்கள் பிழையல்ல.

அறிகுறி 3: பரவளையம் சட்டி போல வரவில்லை

இங்கே மூன்று விதமான கோளாறு. ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம்: ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் − 4. சரியான அட்டவணை:

எக்ஸ்: −2, −1, 0, 1, 2, 3, 4, 5
ஒய்: 6, 0, −4, −6, −6, −4, 0, 6

3அ. இடப்பக்கம் சப்பையாக, வலப்பக்கம் சரியாக இருக்கிறது

குறை எண்ணின் வர்க்கம். வேறெதையும் தேட வேண்டாம். −2-ன் வர்க்கத்தை −4 என்று எழுதினால் அந்த இடத்தில் −4 + 6 − 4 = −2 வரும்; −1-லும் அதே பிழை செய்தால் −1 + 3 − 4 = −2. ஆக இடது பக்கம் மேலே ஏற வேண்டிய வளைவு படுத்துவிடும். வீட்டில் கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்களுக்கும் இது நடக்கிறது. அடைப்புக்குறி இல்லாமல் −2 என்று தட்டி வர்க்கப் பொத்தானை அழுத்தினால் பல அறிவியல் கால்குலேட்டர்கள் −4 என்றே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. 2-ஐ மட்டும் வர்க்கமாக்கிக் குறியை வெளியே வைத்திருக்கிறது.

அட்டவணையை ஒரே வரியாக எழுதாமல் எக்ஸ்², −3எக்ஸ், −4 என்று மூன்று வரிகளாகப் பிரித்து எழுதி, கீழே கூட்டுங்கள். எக்ஸ்² வரியில் ஒரு குறை எண்கூட இருக்கக் கூடாது. கண்ணை ஓட்டினாலே தெரிந்துவிடும். மூன்று வரி எழுதச் சோம்பல்படும் பிள்ளைகள்தான் பிறகு முப்பது நிமிடம் அழிக்கிறார்கள்.

3ஆ. நடுவில் ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. வித்தியாசத்தின் வித்தியாசம். மேலே உள்ள ஒய் வரிசையில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6. இந்த வித்தியாசங்கள் ஒவ்வொரு முறையும் 2 ஏறுகின்றன. எக்ஸ்² கெழு 1 ஆக இருக்கும் எந்தக் கணக்கிலும் இந்த 2 மாறாது. கெழு 2 என்றால் 4, கெழு −1 என்றால் −2. எக்ஸ் ஒவ்வொன்றாக ஏற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு புள்ளி தவறாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள வித்தியாசங்கள் எல்லாம் கலைந்துபோகும். எக்ஸ் = 3-ல் −4-க்குப் பதில் 4 என்று எழுதியதாக வையுங்கள். வித்தியாசங்கள் −6, −4, −2, 0, 10, −4, 6 என்று ஆகும். 10-ம் −4-ம் எந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் நிற்கின்றன? எக்ஸ் = 3. புள்ளி வைப்பதற்கு முன்பே கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. தேர்வறையில் இதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

3இ. அடிப்பகுதி தட்டையாக அல்லது கூராக இருக்கிறது

எக்ஸ் = 1, 2 இரண்டிலும் ஒய் −6. இந்த இரண்டையும் அடிக்கோலால் இணைத்தால் சட்டிக்குப் பதில் பெட்டி கிடைக்கும். வளைவின் அடி இரண்டுக்கும் நடுவே, எக்ஸ் = 1.5-ல் இருக்கிறது. அங்கே ஒய் = 2.25 − 4.5 − 4 = −6.25. அதாவது 1 செ.மீ. = 1 அலகு என்றால், −6-க்கும் கீழே இரண்டரைச் சிறு கட்டம். இவ்வளவு சிறிய இறக்கம்தான் தட்டைக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசம். அட்டவணையில் ஒரே ஒய் மதிப்பு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை வந்தால், நடு மதிப்புக்கும் ஒரு வரிசை சேர்த்துவிடுங்கள்.

கூராக வருவதற்குக் காரணம் அடிக்கோல். பரவளையத்துக்கு அடிக்கோலைத் தொடவே கூடாது. தாளைத் தலைகீழாகத் திருப்பி, வளைவின் உட்பக்கம் உங்கள் மணிக்கட்டு இருக்கும்படி வைத்து, ஒரே வீச்சில் மூன்று புள்ளிகளைக் கடக்கப் பழகுங்கள். முதலில் பென்சில் தாளில் படாமல் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வீச்சு கேட்காமலே வந்துவிடுகிறது. பையன்களுக்குத்தான் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

கூர்முனை சரியாக இருக்கும் சார்பும் உண்டு: ஒய் = |எக்ஸ்| போன்ற மட்டுச் சார்பு. அதை வளைத்துவிடாதீர்கள்.

சட்டி கவிழ்ந்து கிடக்கிறதென்றால் எக்ஸ்² கெழுவின் குறியைப் பாருங்கள். வினாவிலேயே குறை என்றால் கவிழ்வதுதான் சரி.

அறிகுறி 4: பரவளையம் சரி, ஆனால் அதை வைத்துத் தீர்க்கச் சொன்ன சமன்பாட்டுக்கு விடை வரவில்லை

"ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் − 4 வரைபடம் வரைந்து, அதன் மூலம் எக்ஸ்² − 4எக்ஸ் − 5 = 0 என்பதைத் தீர்க்க" என்ற வகை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் விழுவது இந்தக் குழியில்தான்.

கோடு வளைவைத் தொடவே இல்லையா?

ஒன்றன் கீழ் ஒன்று எழுதிக் கழிக்கும்போது இரண்டாவது வரியின் எல்லாக் குறிகளையும் மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால்:

ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் − 4
0 = எக்ஸ்² − 4எக்ஸ் − 5
கழிக்க, ஒய் = எக்ஸ் + 1

முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் அப்படியே கூட்டிவிட்டால் ஒய் = −7எக்ஸ் − 9 வரும். அந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள்: பரவளையத்தின் இடப்புறம் மிக அருகே வந்தும் அதைத் தொடாமலே சரிந்து போய்விடும். உடனே "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எழுதுவதற்கு முன், தீர்க்கச் சொன்ன சமன்பாட்டின் தன்மைக்காட்டியைப் (பி² − 4ஏசி) பாருங்கள்: 16 + 20 = 36. மிகை எண். இரண்டு மூலங்கள் இருந்தே ஆக வேண்டும். தவறு கோட்டில்தான்.

ஓர் இடத்தில் மட்டும் வெட்டுகிறதா?

ஒய் = எக்ஸ் + 1 வளைவை வெட்டும் இடங்கள் (−1, 0), (5, 6). அட்டவணையை எக்ஸ் = 4-உடன் நிறுத்தியிருந்தால் இரண்டாவது இடம் வரைபடத்திலேயே இருக்காது. இன்னும் ஒன்றிரண்டு மதிப்புகள் சேர்த்து வளைவை நீட்டுங்கள். தன்மைக்காட்டி பூச்சியம் என்றால் மட்டுமே ஒரே இடத்தில் தொடுவது நியாயம்.

வெட்டும் இடம் சரி, விடை தவறா?

விடை −1, 5. புள்ளிகள் அல்ல, அவற்றின் எக்ஸ் மதிப்புகள் மட்டும். புள்ளியை அப்படியே தீர்வாக எழுதுவது எத்தனை முறை சொன்னாலும் போகாத பழக்கம். வெட்டும் புள்ளியிலிருந்து எக்ஸ் அச்சுக்குப் புள்ளிக்கோடு ஒன்று இறக்குங்கள். அது தொடும் எண்ணை எழுதுங்கள். பிறகு 25 − 20 − 5 = 0 என்று மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்தால் முடிந்தது.

அறிகுறி 5: எதிர் மாறல் வரைபடம் நேர்கோடாக வந்துவிட்டது

ஒரு வேலையை 2 பேர் 60 நாளில் முடிக்கிறார்கள். 3 பேர் 40, 4 பேர் 30, 5 பேர் 24, 6 பேர் 20, 8 பேர் 15, 10 பேர் 12. வளைவரை வர வேண்டும். ஒரு மாணவி அழகான நேர்கோடு ஒன்றைக் கொண்டுவந்தாள். எப்படி?

கிடை அச்சில் 2, 3, 4, 5, 6, 8, 10 என்று அட்டவணை எண்களையே ஒவ்வொரு செ.மீ.க்கும் எழுதியிருந்தாள். குத்து அச்சிலும் மேலிருந்து 60, 40, 30, 24, 20, 15, 12 என்று ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்று. இப்படி எழுதினால் எந்த அட்டவணையும் நேர்கோடுதான்! அச்சு என்பது அட்டவணையை எழுதும் இடமல்ல. 6-க்கும் 8-க்கும் நடுவே 7-க்கு இடம் விட வேண்டும், அட்டவணையில் 7 இல்லாவிட்டாலும். அச்சை முதலில் அளவுத்திட்டப்படி முழுதாக எண்ணிட்டுவிட்டு, அதன் பிறகே அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். கிடை அச்சில் 1 செ.மீ. = 1 ஆள், குத்து அச்சில் 1 செ.மீ. = 5 நாள் என்று வைத்தால் 60 என்பது 12 செ.மீ. உயரத்தில் அடங்கிவிடும்.

கிடை அச்சு மட்டும் இப்படிக் கெட்டிருந்தால் வளைவு 6-க்குப் பிறகு தணிய வேண்டிய இடத்தில் சற்றுக் கூடுதலாக இறங்கும். அதுவும் இதே நோய்தான். வளைவை நீட்டி அச்சைத் தொடவைப்பவர்களும் உண்டு. ஆளே இல்லாமல் வேலை முடியாது, தொடக் கூடாது. எந்தப் புள்ளியிலும் இரண்டு எண்களின் பெருக்கல் 120 வர வேண்டும் என்பது சோதனை. நேர் மாறல் என்றால் கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறி 6: தாளில் இடம் போதவில்லை, அல்லது வரைபடம் மூலையில் சுண்டைக்காய் அளவில் இருக்கிறது

அளவுத்திட்டத்தை அட்டவணைக்கு முன்பே தீர்மானித்ததன் விளைவு. அட்டவணையை முடித்து, மிகப் பெரிய ஒய், மிகச் சிறிய ஒய் இரண்டையும் வட்டமிட்டு, அதன் பிறகு அளவுத்திட்டம் எழுதுங்கள். ஒய் 20-ஐத் தாண்டினால் 1 செ.மீ. = 2 அலகு போதாது; 5 எடுங்கள். 3, 7 போன்ற அளவுகளைத் தொடாதீர்கள், சிறு கட்டத்தை எண்ண முடியாது.

அளவுத்திட்டம் மாறியதும் சிறு கட்டத்தின் மதிப்பும் மாறும். 1 செ.மீ. = 2 அலகு என்றால் ஒரு சிறு கட்டம் 0.2. 4-லிருந்து 5-க்குப் போக 5 சிறு கட்டம்தான். பழக்கத்தில் 10 எண்ணினால் 6-ல் போய் நிற்பீர்கள். தாளின் மேல் மூலையில் அளவுத்திட்டத்துக்குக் கீழே பென்சிலால் லேசாக "1 சிறு கட்டம் = 0.2" என்று எழுதிவைக்கச் சொல்கிறேன்.

அறிகுறி 7: எல்லாம் சரி, மதிப்பெண் மட்டும் குறைகிறது

அளவுத்திட்டம் எழுதவில்லை. அச்சுகளுக்குப் பெயர் இல்லை, அம்புக்குறி இல்லை. கோட்டின் மேல் அதன் சமன்பாடு இல்லை. புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஆயத்தொலைவு இல்லை. தீர்வைத் தனி வரியில் எழுதாமல் வரைபடத்தைப் பார்த்துத் திருத்துபவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டது. இவற்றை வரைந்து முடித்த பிறகு சேர்க்காமல், தாளைத் தொட்டதும் முதல் வேலையாக அச்சு, அம்பு, பெயர், அளவுத்திட்டம் நான்கையும் எழுதிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

செலவு கூடிய சோதனை: கணினி

மேலே உள்ளவை எதிலும் பிடிபடாத பிழைக்கு ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் சமன்பாட்டைக் கொடுத்து ஒப்பிடுங்கள். கைபேசியிலும் வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: அதன் அச்சு அளவு உங்கள் தாளின் அளவாக இருக்காது, எனவே பரவளையம் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரியும். உருவத்தை ஒப்பிடாதீர்கள். வளைவு அச்சுகளை வெட்டும் இடங்கள், அடிப்புள்ளி, இவற்றை எண்ணாக எழுதி ஒப்பிடுங்கள். கையால் ஒருமுறை வரைந்த பிறகே திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் அது வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும்.

எப்போது அடுத்தவரிடம் போக வேண்டும்

ஒரே அறிகுறி, வித்தியாசச் சோதனை செய்த பிறகும், மூன்று வெவ்வேறு கணக்குகளில் திரும்ப வந்தால் ஆசிரியரிடம் போங்கள். நான்காவது கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தவறான முறை கையில் இன்னும் ஊறிவிடும். குறை எண் பெருக்கலும் கூட்டலும் தடுமாறுகின்றன என்று தெரிந்தால் வரைபடத்தை ஒரு வாரம் மூடிவைத்து, ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடத்தை மறுபடி பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படும். பெற்றோர் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்.

புள்ளிகள் எப்போதும் ஒரு கட்டம் தள்ளியே விழுகின்றன, பிள்ளை தாளை முகத்துக்கு மிக அருகே வைத்து எண்ணுகிறது, கரும்பலகையையும் சுருக்கிப் பார்க்கிறது என்றால் கணக்கு ஆசிரியரிடம் வேலையில்லை. கண் மருத்துவரிடம் போங்கள். கவனக்குறைவு என்று பல மாதங்கள் நான் திட்டிய ஒரு பையன் கண்ணாடி போட்டு வந்த வாரம் முதல் ஒரு புள்ளிகூடத் தள்ளி வைக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

(2, 5)-ஐ (5, 2) என்று வைப்பதோடு நிற்காமல், 25-ஐ 52 என்று எழுதுவதும், மணி பார்ப்பதிலும் சில்லறை எண்ணுவதிலும் தடுமாறுவதும் சின்ன வகுப்பிலிருந்தே தொடர்ந்தால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். பள்ளியின் சிறப்பு ஆசிரியரையோ குழந்தை மருத்துவரையோ பார்த்து முறையாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். பொதுத் தேர்வில் இத்தகைய பிள்ளைகளுக்குச் சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடினால் காலம் கடந்திருக்கும்.

யாரிடம் போனாலும் அட்டவணையும் வரைபடமும் இருக்கும் பழைய பக்கத்தை, கோணலான கோட்டோடு அப்படியே கொண்டுபோங்கள். அழித்துச் சுத்தமாக்கிய தாளில் எங்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது.